காரின் தரம் கடையில் தெரியாது!

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

பையனின் தகப்பனாரிடம் போய், "உங்கள் பையன் எப்படி?" என்று கேட்பது இல்லை. கேட்டால், "என் பையன் தங்கம்" என்றுதான் சொல்வார்.

அந்தத் தெருவில் நாலு பேரை விசாரிப்பார்கள். அவன் வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பார்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

கார் வாங்குவதும் அப்படித்தான்.

விற்கிறவரைக் கேட்டால், "விற்பனையில் எங்கள் கார்தான் முதலிடம்" என்பார். அது பொய்யாக இருக்காது. ஆனால் அது முழு உண்மையும் ஆகாது.

முதலிடம் என்றால், நிறையப் பேர் வாங்கினார்கள் என்று அர்த்தம். வாங்கியவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி!

உலகத்துக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாடு அமெரிக்கா. அந்த நாட்டுக் கார்களின் கதை இந்த வித்தியாசத்தை நன்றாகக் காட்டுகிறது.

முதலிடம் யாருக்கு?

2024-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் புது வண்டிகள் விற்பனை ஆயின.

அதில் முதலிடம் ஜெனரல் மோட்டார்சுக்கு. சுமார் 27 லட்சம் வண்டிகள்.

இரண்டாவது இடம் ஜப்பானின் டொயோட்டா. சுமார் 23 லட்சம்.

அடுத்து போர்டு. 20 லட்சத்துக்குச் சற்று அதிகம்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்பது ஒரு காரின் பெயர் அல்ல. அது ஒரு கூட்டுக் குடும்பம். செவர்லே, பூயிக், காடிலாக், ஜி.எம்.சி. என்று 4 பிள்ளைகள். முன்பு இன்னும் பல பிள்ளைகள் இருந்தன. ஓல்ட்ஸ்மொபைல் 2004-ல் மறைந்தது. போண்டியாக் 2010-ல் மறைந்தது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 100 கார் விற்றால், அதில் ஏறக்குறைய 50 கார் ஜெனரல் மோட்டார்சின் கார். இப்போது 100-க்கு 17 அளவுதான்.

2021-ல் டொயோட்டா, அமெரிக்க மண்ணிலேயே ஜெனரல் மோட்டார்சை முந்தியது. அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மின்னணுச் சில்லுத் தட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் முதலிடத்தைத் திரும்பப் பிடித்தது.

ஆனால் 50 எப்படி 17 ஆனது? அதுதான் கேள்வி!

ஏழைக்கும் கார்!

ஆரம்பம் அருமையாகத்தான் இருந்தது.

ஹென்றி போர்டு 1903-ல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் "மாடல்-டி" என்ற காரைக் கொண்டுவந்தார். விலை 850 டாலர்.

1913-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார். தொழிலாளி காரைத் தேடிப் போகவேண்டாம். கார் தொழிலாளியைத் தேடி நகர்ந்து வரும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேலையைச் செய்வார்.

முன்பு ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. புது முறையில் ஒன்றரை மணி நேரம் போதும் என்று ஆனது!

1914-ல் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் 5 டாலர் வரை கொடுப்பதாக அறிவித்தார். அது மற்ற இடங்களில் கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கார் விலை ஏறவில்லை. இறங்கியது! 1925-ல் 260 டாலருக்கு வந்தது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி "மாடல்-டி" கார்கள் ஓடின. குடியானவரும் கார் வாங்கினார். கூலிக்காரரும் வாங்கினார்.

பெரிய மனிதர் வீட்டுப் பொருளை ஏழை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி போர்டு. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

நம்பிக்கை எப்படிப் போனது?

வியாபாரம் பெருகியது. கூடவே அலட்சியமும் பெருகியது.

1965-ல் ரால்ப் நாடர் என்ற வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். "கார்கள் ஆளைக் கொல்கின்றன. கம்பெனிகளுக்கு அது தெரியும். திருத்த மனம் இல்லை" என்பது அதன் சாரம்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? காரைத் திருத்துவதை விட்டு, நாடருக்குப் பின்னால் துப்பறியும் ஆட்களை அனுப்பியது! விஷயம் வெளியே வந்தது. 1966-ல் கம்பெனியின் தலைவர், செனட் சபைக் கமிட்டியின் முன்பு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் கார்ப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது.

1973-ல் அரபு நாடுகள் பெட்ரோலிய எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. அமெரிக்காவின் பெரிய கார்களோ பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தன. ஜனங்கள் ஜப்பானின் சின்னக் கார்களை வாங்கிப் பார்த்தார்கள்.

அவை பெட்ரோலை மிச்சம் பிடித்தன. அது மட்டும் அல்ல. பழுதும் ஆகவில்லை!

ஒரு தடவை ஜப்பான் கார் வாங்கியவர், அடுத்த தடவையும் அதையே வாங்கினார். விளம்பரம் அவரை இழுக்கவில்லை. சொந்த அனுபவம் இழுத்தது.

குற்றம் யார்மீது?

"அமெரிக்கத் தொழிலாளி சரியில்லை. அதனால்தான் கார் சரியில்லை" என்று அப்போது பலர் சொன்னார்கள்.

அது சரியா? கலிபோர்னியாவில் உள்ள பிரிமாண்ட் நகரத்துத் தொழிற்சாலை அதற்குப் பதில் சொன்னது.

அது ஜெனரல் மோட்டார்சின் தொழிற்சாலை. 100 பேரில் 20 பேர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. ஓயாத சண்டை. 1982-ல் அதை மூடிவிட்டார்கள்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் சேர்ந்து அதைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவின் முறைப்படி நடந்தது. தொழிலாளர்கள்? பெரும்பாலும் அதே பழைய ஆட்கள்! நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் எட்டும் இடத்தில் ஒரு கயிறு தொங்கியது. தவறு தெரிந்தால் அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். "ஏன் இழுத்தாய்?" என்று அதட்டமாட்டார். "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பார். தேவைப்பட்டால் வேலை வரிசையே நிற்கும்.

பழைய நாட்களில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். கோணலாகப் பூட்டிய காரும் அப்படியே நகர்ந்து போகும்.

கொஞ்ச காலத்திலேயே அங்கே தரமான கார்கள் தயாராயின. வேலைக்கு வராமல் இருப்பது வெகுவாகக் குறைந்தது.

ஆக, குற்றம் தொழிலாளியின் கையில் இல்லை. அவன் பேச்சைக் கேட்காத நிர்வாகத்தின் காதில் இருந்தது!

இந்தத் தொழிற்சாலை 2010-ல் டெஸ்லா கம்பெனிக்குக் கைமாறியது. மின்சாரக் கார்கள் இப்போது அங்கே தயாராகின்றன.

வந்தது எஸ்.யு.வி.!

சின்னக் காரில் ஜப்பானை வெல்ல முடியவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் வேறு வழி தேடின. அந்த வழிதான் எஸ்.யு.வி.

எஸ்.யு.வி. என்றால் என்ன? ஜீப்புக்கும் வீட்டுக் காருக்கும் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். உயரமான உடம்பு. பெரிய சக்கரம். உள்ளே நிறைய இடம்.

ஜீப் இரண்டாம் உலகப் போரில் பிறந்த வண்டி. 1963-ல் அதற்குச் சொகுசு சேர்த்து "வாகனீர்" என்ற குடும்ப வண்டி வந்தது. 1984 மாடலாகப் புது வடிவ "செரோக்கி" வந்தது. 1990-ல் போர்டின் "எக்ஸ்ப்ளோரர்" வந்தது. அதன் பிறகு ஒரே வெள்ளம்!

இதில் ஒரு சட்டத்தின் ஓட்டையும் இருக்கிறது.

கார்கள் பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று 1975-ல் அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். காருக்குக் கடுமையான விதி. சின்ன லாரிக்கு இளகிய விதி. "பாவம், விவசாயிகளும் தொழில் செய்பவர்களும் ஓட்டும் வண்டி" என்பது எண்ணம்.

எஸ்.யு.வி.யை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் லாரிக் கணக்கில்!

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வண்டிக்கு லாரியின் சலுகை. லாபமும் காரைவிட அதிகம். எந்தக் கம்பெனி விடும்?

அந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் இருந்தது. 2025-ல் அமெரிக்கா அந்த அபராதத்தையும் பூஜ்யம் ஆக்கிவிட்டது.

2018-ல் போர்டு ஒரு முடிவை அறிவித்தது. "அமெரிக்காவில் சாதாரணக் கார் விற்பதைப் படிப்படியாக நிறுத்துகிறோம். மஸ்டாங் இருக்கும்" என்பது அந்த முடிவு. ஏழைக்குக் கார் கொடுத்த கம்பெனி சாதாரணக் காரைக் கைவிட்டது!

இப்போது அமெரிக்காவில் 5 புது வண்டி விற்றால், ஏறக்குறைய 4 வண்டி எஸ்.யு.வி., சின்ன லாரி வகைதான்.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் நல்லதைச் சொல்வோம்.

உயரமான இருக்கை. ஏறி இறங்க முழங்கால் வலிக்காது. வயதான தாயாரை ஏற்றிப் போகலாம். தள்ளுவண்டி, சைக்கிள், மளிகை எல்லாம் பின்னால் அடங்கும். பனி கொட்டும் ஊரில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது பெரிய உதவி. இவை எல்லாம் உண்மையான வசதிகள். "எல்லோரும் ஆடம்பரத்துக்காக வாங்குகிறார்கள்" என்று பேசுவது தவறு.

இனிக் குறைகள்.

பெட்ரோல் செலவு அதிகம். டயர் பெரியது. அதன் விலையும் பெரியது. மூன்றாவது வரிசை இருக்கை என்று சொல்லி விற்பார்கள். பல வண்டிகளில் அங்கே குழந்தைகள்தான் உட்கார முடியும். பெரியவர் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும்!

எல்லாவற்றுக்கும் மேல் கடன்.

2025 செப்டம்பரில், அமெரிக்காவில் புது வண்டியின் சராசரி விலை முதல் தடவையாக 50 ஆயிரம் டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் 40 லட்ச ரூபாய்க்கு மேல்! ரொக்கமாகக் கொடுக்க எல்லோராலும் முடியுமா? 6 வருடம், 7 வருடம் தவணை.

வண்டியின் மதிப்பு வேகமாக இறங்கும். கடன் மெதுவாக இறங்கும். நடுவில் வேலை போனால் என்ன ஆகும்? வண்டியை விற்றாலும் கடன் அடையாது. வண்டியும் போய், கடனும் மிஞ்சும்!

"கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" என்று அமெரிக்காவில் ஒரு பத்திரிகை உண்டு. 1936-ல் தொடங்கியது. விளம்பரம் வாங்குவது இல்லை. கார் வைத்திருப்பவர்களையே கேட்டு, எந்தக் கார் எத்தனை பழுது என்று கணக்குப் போடும். பெரும்பாலான ஆண்டுகளில் அதன் மேல் வரிசையில் நிற்பவை லெக்சஸ், டொயோட்டா, சுபாரு போன்ற ஜப்பான் பெயர்கள். அமெரிக்கப் பெயர்களில் பூயிக் சில ஆண்டுகளில் நல்ல இடம் பிடிக்கும். மற்றவை பெரும்பாலும் நடுவிலும் கீழேயும் நிற்கும்.

விற்பனையில் முதலிடம் ஒருவருக்கு. நம்பிக்கையில் முதலிடம் வேறு ஒருவருக்கு. கவனித்தீர்களா?

பத்திரம் யாருக்கு?

"பெரிய வண்டி பத்திரம். என் பிள்ளைகளுக்காக வாங்குகிறேன்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது.

பெரிய வண்டியும் சின்ன வண்டியும் மோதினால், பெரிய வண்டியில் இருப்பவருக்கு அடி குறைவு. உண்மை.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது.

முதல் விஷயம்: பெருசு என்பதால் மட்டும் பத்திரம் வந்துவிடாது. 2000-ல் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல, எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓட்டத்தில் டயரின் மேல் பட்டை பிய்ந்தது. உயரமான வண்டி உருண்டது. அமெரிக்காவில் மட்டும் 200 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். "டயர் மோசம்" என்றது கார் கம்பெனி. "கார் மோசம்" என்றது டயர் கம்பெனி. ஏறக்குறைய 100 ஆண்டு உறவு 2001-ல் முறிந்தது. செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

இரண்டாவது விஷயம்: உள்ளே இருப்பவருக்குப் பத்திரம் என்றால், வெளியே நடப்பவருக்கு?

2009-ல் அமெரிக்கச் சாலைகளில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022-ல் சுமார் 7,500 பேர்! வேகம், இருட்டு, குடி என்று பல காரணங்கள் உண்டு. வண்டியின் உயரமும் ஒரு காரணம்.

அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம், சுமார் 18 ஆயிரம் விபத்துகளை ஆராய்ந்தது. 2023-ல் முடிவை வெளியிட்டது. முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டியைவிட, பாதசாரி சாகும் அபாயம் 100-க்கு 45 பங்கு அதிகம்!

தாழ்ந்த கார் காலில் மோதும். ஆள் முன்மூடிமேல் சாய்ந்து விழுவார். உயரமான வண்டி நெஞ்சில் மோதும். கீழே தள்ளும்.

4 வயதுக் குழந்தையின் உயரம் எவ்வளவு? ஏறக்குறைய 40 அங்குலம்.

உயரமான வண்டியின் முகப்புக்கு நெருக்கமாக நிற்கும் குழந்தை, ஓட்டுகிறவர் கண்ணில் படாது. பின்பக்கம் பார்க்கும் கேமராவை 2018 மே மாதம் முதல் அமெரிக்கா கட்டாயம் ஆக்கியது. முன்பக்கத்துக்கு அப்படிக் கட்டாயம் இல்லை.

நம் பிள்ளையைக் காக்க வாங்கும் வண்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எமனாகலாமா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் பயந்துபோய் அதைவிடப் பெரிய வண்டி வாங்குகிறார். இதற்கு முடிவு எங்கே?

நல்ல பழக்கங்களும் உண்டு

அமெரிக்காவிடம் நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது.

காரில் பாதுகாப்புக் குறை தெரிந்தால், கம்பெனி அதை அறிவிக்க வேண்டும். இலவசமாகச் சரி செய்ய வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட அடையாளம் உண்டு. அதைச் சொன்னால், "உங்கள் வண்டியில் இன்ன குறை பாக்கி இருக்கிறது" என்று அரசாங்கமே கணினியில் காட்டும். ஒரு காசு செலவு இல்லை.

புதுக் கார் திரும்பத் திரும்பப் பழுதானால், வேறு கார் அல்லது பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டம் உண்டு. அதற்கு "எலுமிச்சைச் சட்டம்" என்று பெயர்! அமெரிக்கர்கள் மோசமான காரை எலுமிச்சை என்பார்கள். 1982-ல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது. பிறகு எல்லா மாநிலங்களுக்கும் பரவியது.

இந்தச் சட்டங்கள் கம்பெனிகள் தானமாகக் கொடுத்தவை அல்ல. வாங்கியவர்கள் வாய் திறந்து கேட்டதால் வந்தவை.

மறைமலைநகர் கண்ட காட்சி

சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகர். அங்கே போர்டின் தொழிற்சாலை 1990-களில் வந்தது. அங்கே தயாரான "எக்கோஸ்போர்ட்" என்ற சின்ன எஸ்.யு.வி., கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே போனது. 2018 முதல் அங்கே விற்பனை ஆனது. தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்த வண்டியை அமெரிக்கர் ஓட்டினார்!

ஆனால் 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகப் போர்டு அறிவித்தது. 2022-ல் கடைசி வண்டி வெளிவந்தது. பல குடும்பங்கள் தவித்தன. 2025 அக்டோபரில், அந்த இடத்தில் என்ஜின் தயாரிக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்தது.

பிரிமாண்டில் பார்த்தோம் அல்லவா? இங்கேயும் அதுதான். தொழிலாளியின் கை சுத்தமாக இருந்தாலும், அவன் தலைவிதியை எழுதும் பேனா வேறு யாரோ கையில் இருக்கிறது.

வாங்குமுன் 4 கேள்வி

எஸ்.யு.வி. மோகம் இந்தியாவிலும் பரவிவிட்டது. இங்கே விற்கும் கார்களில் பாதிக்கு மேல் இப்போது அந்த வகைதான். ஆகவே இந்தக் கதை நமக்கும் வேண்டும்.

வாங்குமுன் 4 கேள்வி கேளுங்கள்.

1. வருடத்தில் எத்தனை நாள் இந்த வண்டி நிறைய ஆள் ஏறுவார்கள்? 10 நாள்தான் என்றால், அந்த 10 நாளுக்கு வாடகை வண்டி போதாதா?

2. இதே வண்டியை 5 வருடமாக வைத்திருப்பவர் என்ன சொல்கிறார்? நாலு பேரையாவது விசாரியுங்கள்.

3. தவணை முடியும் வரை சம்பளம் வரும் என்பது நிச்சயமா?

4. ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் குழந்தையை முன்னால் நிற்கச் சொல்லுங்கள். தலை தெரிகிறதா?

நாலாவது கேள்விக்குப் பதில் "இல்லை" என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனிக்கு நீங்கள் கோடியில் ஒருவர். உங்கள் தெருக் குழந்தைக்கோ, அந்த வண்டியை ஓட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தான்!